பெரட்டுக் களத்தில் வந்த பதில்

கேமரன் மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து உழைப்பாளர்களைக் கொண்டாடும் நடைப்பயணத்தை நான்தான் ஏற்பாடு செய்தேன். மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் எல்லாரையும் விரட்டிக்கொண்டே போனேன். அந்தக் காலத்தில் காலையில் ஆளெண்ணிய பெரட்டுக் களத்தில் நின்று, தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதி வைத்த பழைய பெயர்ப்பட்டியலை அஞ்சலியாக வாசித்தேன். அதில் ஒருவரும் உயிரோடு இல்லை என்பது என் நினைப்பு.

“முனியம்மா.”

“இருக்கேன், தம்பி,” என்றார் கடைசியில் நின்ற ஓர் அம்மாள்.

பட்டியலைத் தாழ்த்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன். “மன்னிச்சிருங்கம்மா. விசாரிக்காம விட்டுட்டேன்.”

“காலையிலேருந்து உங்க பின்னாலதான் நடந்து வர்றேன். பேரு என்னன்னு கேட்டிருக்கலாம்லா.”

மிச்சமிருந்த பெயர்களை வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் வருமா என்று, தொடங்கிவிட்ட மழையில் காத்து நின்றேன்.

இப்போதும் யாரையாவது ‘அந்தக் காலத்து ஆள்’ என்று சொல்ல வாயெடுத்தால், ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.