அமாவாசையன்று பதிந்த தறிச் சத்தம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் இதை நம்பச் சொல்லிக் கெஞ்சப் போவதில்லை, கேட்டுவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள்.

சேவூரில் வாடகை வீடு. பள்ளியில் பாட்டு வாத்தியார், ஞாயிறானால் சர்ச்சில் கீபோர்டு. வீட்டில் ஒரு பழைய பியானோ, அதில் இருபது வருஷமாக ஜாஸ். என் மனைவி ஜெசிந்தாவுக்கே அது பிடிக்காது. துணைக்கு டிரம்ஸ், கிடார் எதுவும் இல்லாமல் என் பத்து விரல் மட்டும் வாசித்த ஒரு ஆல்பம் என் பெயரில் வர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

தொல்லை என்னவென்றால், எங்களுக்கும் பக்கத்து வீட்டுக் கன்னியப்பனின் பட்டுத் தறிக்கும் நடுவில் ஒரே சுவர். விடிந்தால் டக், டக். தெருவில் எல்லாத் தறியும் ஓய்வது அமாவாசையன்று மட்டும்தான், அன்றைக்கு யாரும் நெய்ய மாட்டார்கள். கன்னியப்பனும் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு மேல்மலையனூர் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். இதை விட்டால் கிடைக்காது என்று இரண்டு மைக்கை வைத்து, காலையில் உட்கார்ந்து மதியத்துக்குள் எட்டு டிராக்கையும் வாசித்தேன். எதையும் எழுதி வைக்கவில்லை, அந்த நிமிஷம் தோன்றியதுதான். கடைசி டிராக்கின் பாதியில் கூரையிலிருந்து ஒரு பல்லி சில்லென்று கை மேல் விழுந்தது. சீ என்று உதறிவிட்டு எழுந்தேன்.

கை கழுவப் போனால் விரல் பத்திலும் பிசுபிசுப்பு. தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவு நூலுக்குத் தடவுகிற கஞ்சி புளித்துப்போனால் வருமே, அந்த நாற்றம். பியானோக் கட்டைகளிலும் அதே பசை.

சாயங்காலம் ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். எட்டு டிராக்கிலும் தறி. வாசிக்கும்போது சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் கன்னியப்பனைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

"நம்ம தறிதான் சார். ஒரு பக்கம் இழுத்துகினு அடிக்குது பாருங்க. ஆனா அமாவாசைக்கு மொதநாளே பாவு முடிஞ்சி அறுத்து எறக்கிட்டேனே. நூலே இல்லாத தறில யாரு நெய்வாங்க?" என்றவர், போகும்போது, "இத வெளிய வுடாதீங்க சார், வேணாங்க" என்றார்.

மறுபடி வாசித்துப் பார்த்தேன். அந்த மாதிரி வரவே இல்லை. இருபது வருஷ ஆசை ஆயிற்றே, அட்டையில் 'தனி பியானோ' என்று போட்டு ஆன்லைனில் விட்டுவிட்டேன். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், அந்தத் தாளம் போட்டது யார்? பியானோவைப் பற்றி ஒருத்தர்கூட மூச்சுவிடவில்லை. நானே காலால் தட்டினேன் என்று வாய் கூசாமல் எழுதினேன். பாராட்டு வந்து குவிந்தது. ஒவ்வொன்றையும் படிக்கும்போது அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறும். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இப்போது எந்தக் கட்டையில் கை வைத்தாலும் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றைத் தொடுவதில்லை. கழுவினாலும் வாடை போவதில்லை.

ஒன்று மட்டும் இதுவரை கன்னியப்பனிடம்கூடச் சொல்லவில்லை. அந்தத் தறி என்னைப் பின்பற்றி அடிக்கவில்லை. நான் வேகத்தை மாற்றுகிற ஒவ்வொரு இடத்திலும் ஓர் அடி முன்னாலேயே அது மாறிவிடுகிறது. கடைசி டிராக்கை எத்தனையோ தடவை போட்டுக் கேட்டுவிட்டேன். பல்லி விழுகிறது, நான் சீ என்கிறேன். அதற்கு ஓர் அடி முன்பே தறி நின்றுவிட்டது.