மில்லிங் மிஷின்மேல் ஊற்றிய தண்ணீர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். தேனியில் சந்தைக்குப் போகிற பாதையில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. போடி ரயில் ஓடிக்கொண்டிருந்த தண்டவாளத்தையே யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மதுரையில் பழைய மில்லிங் மிஷின் ஒன்றை வாங்கித் தொலைத்தேன். ஒன்றரை டன் இரும்பு. பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடுகிற லாரியில் ஏற்றி, அது ஆண்டிபட்டிக் கணவாயில் நின்றபோதெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அது ஊருக்கே தெரியும்.

லேத்தில் எதையும் உருட்டிக் கடையலாம், பற்சக்கரத்துக்குப் பல் வெட்ட முடியாது, அதற்கு மில்லிங் மிஷின்தான் வேண்டும். பருத்திக் கொட்டை நீக்குகிற ஜின்னிங் மில்லில் ஒரு பல் உடைந்தாலும் மதுரைக்குத்தான் ஓடுவார்கள். இனி என்னிடம் வரட்டும் என்று ஆசை. ஆனால் சக்கரத்தை மாட்டி வெட்டுகிற அந்த மிஷினின் இரும்பு மேஜை கண்ணாடிபோல வழவழவென்று இருக்க வேண்டும். அதில் துரு அரித்துவிட்டால் வெட்டுகிற பல் ஒவ்வொன்றும் கோணல்தான். அப்புறம் அது வெறும் காயலான் சாமான்.

லாரியிலிருந்து இறக்க ஆள் கிடைக்கவில்லை. பஞ்சு மூட்டை தூக்குகிற சந்தை ஆட்கள் மிஷினைப் பார்த்ததுமே கழன்றுகொண்டார்கள். கடைசியில் போடிப் பக்கத்துச் சேரியிலிருந்து ஒரு மேஸ்திரி ஐந்து பேரோடு வந்தார். மலைமேல் தேயிலை ஃபாக்டரிகளுக்கு எஞ்சின் ஏற்றிய கை. வந்தவர் மிஷினை ஒருமுறை சுற்றி வந்தார்.

"கனம் எங்கன சாஞ்சிருக்கு மொதலாளி?" என்று கேட்டார்.

எனக்கே தெரியாது. அவர் அடியில் கடப்பாரையைக் கொடுத்து லேசாக நெம்பிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். பலகையைச் சரித்துப் போட்டு, அதன்மேல் குழாய்த் துண்டுகளை உருளையாக வைத்து, மலையாளத்து ஆட்களோடு பழகிய பழக்கத்தில் மெதுவாக என்பதற்கு "பதுக்கெ, பதுக்கெ" என்று சொல்லிச் சொல்லி இறக்கினார். என்னை மட்டும், "சாய்வுப் பக்கம் நிக்காதீக" என்று இரண்டு தடவை எச்சரித்தார். என் மிஷின், நான் எங்கே வேண்டுமானாலும் நிற்பேன் என்ற திமிரில் அங்கேயே நின்றேன்.

வாசலைத் தாண்டும்போது ஒரு குழாய் வழுக்கியது. மிஷின் என் பக்கம் சாய்ந்தது. மேஸ்திரி கத்தவில்லை, தோளால் என்னை இடித்துத் தள்ளிவிட்டு மரக்கட்டையை அடியில் திணித்தார். மிஷின் கட்டையில் உட்கார்ந்தது. அவருடைய இடது கை ஆள்காட்டி விரல் நடுவில் மாட்டிக்கொண்டது. கடப்பாரையால் நெம்பி விரலை எடுத்தபோது நுனி இல்லை. தலைத்துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, "ம், தள்ளுங்கலே" என்றார். கால் மணி நேரத்தில் மிஷின் அதற்கென்று கட்டிய மேடையில் ஏறிவிட்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். நான்தான் ஊற்றினேன். செம்பைக் கொடுக்கவில்லை, குவித்த கைகளில் தூக்கி ஊற்றினேன். அதில் தப்பு இருப்பதாக எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

அவர்கள் வெளியே புளியமரத்தடியில் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து மட்டம் பார்த்து போல்ட் முறுக்க வேண்டியதுதான் பாக்கி. ரசமட்டம் வைப்பதற்காக மேஜையிலிருந்த பழைய கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுச் சுத்தமாக வழித்துவிட்டு, போல்ட்டுகளை வாங்கிவரப் பக்கத்துத் தெரு கொல்லனிடம் போனேன்.

வந்து பார்த்தால் மிஷின் சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறது! மேஜையில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் காடிகளில் மஞ்சள் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கோமிய வாடை வேறு. பக்கத்தில் குடத்தோடு என் தாய்மாமா. கட்டடம் அவருடையது, தொழிலிலும் பங்கு உண்டு.

"என்ன மாமா பண்ணி வச்சிருக்கீக?"

"அவனுக தொட்டு ஏத்துன மிஷினு. ரத்தம் வேற பட்டிருக்கு. தீட்டுக் கழிக்காம நாளைக்குப் பூசை போடச் சொல்றியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேட்டியை அவிழ்க்காத குறையாக அதன் நுனியாலேயே மேஜையைத் துடைத்தேன். "மூளை இருக்கா உங்களுக்கு? வழிச்சு வச்ச இரும்புல தண்ணி ஊத்துவாகளா? துரு ஏறுனா மிஷின் போச்சு, பட்டறை போச்சு!" என்று பெரியவர் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். குடத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். அது உருண்டு போய் நின்ற இடத்தில் மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் கடப்பாரைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள்.

"வாங்க, சீக்கிரம் வாங்க, போல்ட்டை மாட்டிருவோம்" என்றேன்.

மேஸ்திரி வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"நாங்க உள்ள வந்தா மறுபடி தண்ணி ஊத்துவாக மொதலாளி. மிஷின் தாங்காது. நீங்களே முறுக்குங்க, நான் இங்கன நின்னு சொல்றேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. துணி சுற்றிய கையை நீட்டி நீட்டி, மட்டம் வர எந்த மூலைக்கு அடியில் தகடு வைப்பது, எந்த போல்ட்டை எத்தனை சுற்று முறுக்குவது என்று வெயிலில் நின்றபடி சொன்னார். ரசமட்டத்துக் குமிழி நடுவில் நின்றதும், "கோமியத்துல உப்பு இருக்கு. மண்ணெண்ணெய்ல இன்னொருக்கா தொடச்சுட்டு எண்ணெய் விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாமா திண்டில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டதாக நினைப்பு.

துரு ஏறவில்லை. பற்சக்கரங்கள் வெட்டினேன், மில்காரர்கள் மதுரைக்குப் போவதை நிறுத்தினார்கள். இரண்டு மாதம் கழித்து ஆயில் எஞ்சினை இடம் மாற்ற வேண்டியிருந்தது. மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். கை இன்னும் ஆறவில்லை என்று பதில் வந்தது. அதே வாரம் போடியில் ஒரு மில்லுக்கு அவர் பாய்லர் இறக்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஒன்பது விரலும் நுனி போன ஒரு விரலுமாகக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், வணக்கம் சொன்னார், வேலையைத் தொடர்ந்தார். எனக்குத்தான் அவர் பக்கத்தில் போகக் கால் வரவில்லை.

எனக்காக விரலைக் கொடுத்த மனிதனை வாசலில் வைத்துக்கொண்டு, தெருவே கேட்க அன்று அத்தனை கத்து கத்தினேனே, அதில் ஒரு வார்த்தைகூட அவருக்காக இல்லை, எல்லாம் இரும்புக்காகத்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் மாமாமேல் இருந்த கோபம் போய் என்மேல்தான் எரிகிறது, இன்றைக்கும்.