எச்சிலுக்குக் கரைந்த மீசை

என் தங்கை எச்சில் துப்பிச் சம்பாதிக்கிறாள் என்று நான் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "துப்பலடி, பஞ்சுல தொட்டுத் துடைக்கிறா" என்று திருத்துவாள். இந்த நுணுக்கமெல்லாம் பிற்பாடு வந்தது. விஷயம் தெரிந்த அன்று அம்மா போட்ட கூச்சலில், பாம்பு வந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் கம்போடு ஓடி வந்தார்.

வீட்டில் அவள் பெயர் பாப்பா. பட்டம் வாங்கிய பிறகும் பாப்பாதான். சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றிலும் நிதானம். அவள் குளிக்கப் போனால் மற்றவர்கள் அன்று குளிக்காமலே கிளம்பிவிடலாம். சாப்பிட உட்கார்ந்தால் அம்மா பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, இவள் தட்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்பாள். கல்லூரியில் வரலாறு எடுத்தாள். "ராஜாவெல்லாம் செத்தாச்சு, உனக்கு யாரு வேலை குடுப்பா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

பதில் மூன்று வருடம் கழித்துச் செய்தித்தாளில் வந்தது. எங்கள் ஊரில் ஒரு பெரிய பழைய வீடு உண்டு. கட்டியவர் கப்பல் வியாபாரி. இப்போது அது அருங்காட்சியகம். பழம்பொருட்களைப் பாதுகாக்கும் வேலைக்கு இளைஞர்களை ஆறு மாதப் பயிற்சியில் எடுக்கிறார்கள், முடிவில் ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள் என்று போட்டிருந்தது. எடுக்கப்பட்ட மூன்று பேரில் பாப்பாவும் ஒருத்தி.

அப்பா பேரம் பேசினார். "சரி, போ. நிரந்தரம் ஆச்சுன்னா உன் இஷ்டம். ஆகலைன்னா மறுநாளே மாமா லாரி ஆபீஸ்ல போய் உக்காரணும். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணக் கூடாது."

மாமாவின் லாரி ஆபீஸில் ஜன்னல் கிடையாது. மாமாவுக்கு வாய் மட்டும்தான் உண்டு. பாப்பா தலையாட்டினாள்.

போன புதிதில் நாற்காலிக் காலில் தூசி தட்டினாள். பிறகு ஓவியப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் இந்த எச்சில் சமாச்சாரம். பழைய ஓவியத்தின் மேல் படிந்த புகையையும் அழுக்கையும் எடுக்க மனித எச்சிலைப் போலச் சாதுவான மருந்து இல்லையாம். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்களாம். ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, வாயில் வைத்து நனைத்து, படத்தின் மேல் மெல்ல உருட்ட வேண்டும். அழுக்கான பஞ்சைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். நாளெல்லாம் இதே வேலை. நிதானமே உருவான என் தங்கைக்குச் சொர்க்கம் கிடைத்துவிட்டது.

"எச்சக்கையால எதையும் தொடாதேன்னு வளத்தேனே!" என்று அம்மா புலம்பினாள். அப்பா உறவுக்காரர்களிடம் "ஆராய்ச்சி பண்றா" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

எனக்கு இதில் கேலி செய்ய உரிமை உண்டு. நான் அழகு நிலையம் நடத்துகிறேன். புருவம் திருத்துவேன், பெண்களின் மேலுதட்டில் பூனைமுடி இருந்தால் நூலால் எடுப்பேன். எங்கள் வீட்டில் மீசை எடுப்பது என் தொழில். அதில் பாப்பா ஒரே நாளில் என்னை மிஞ்சிவிட்டாள்.

ஒரு மதியம் கடையில் ஒரு அம்மாளின் உதட்டில் நூல் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, மீசை போயிடுச்சு."

"யாரு மீசைடீ?"

"கப்பல்காரர் மீசை."

வீட்டைக் கட்டிய அந்தக் கப்பல் வியாபாரியின் ஆளுயர ஓவியம் கூடத்தில் தொங்கும். இரண்டு கன்னத்தையும் அடைத்துக்கொண்டு ஒரு மீசை. அந்தக் குடும்பத்து ஆண்கள் எல்லாரும் அதே மீசைதான் வைப்பார்கள், இன்றைய முதலாளி உட்பட. அருங்காட்சியகத்தின் கூரையைத் தன் செலவில் மாற்றித் தருகிறவர் அந்த முதலாளி. அவருடைய கொள்ளுத் தாத்தாவைத்தான் என் தங்கை எச்சில் தொட்டு மழித்துவிட்டாள்.

அவள் செய்த தப்பு இதுதான். துடைக்கும் முன் ஒவ்வொரு நிறத்தையும் ஓர் ஓரத்தில் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். அவர் போட்டிருந்த கோட்டின் கறுப்பைச் சோதித்தாள், அசையவில்லை. மீசையும் கறுப்புத்தானே என்று அதைச் சோதிக்காமல் விட்டாள். கோட்டு எண்ணெய்ச் சாயம். மீசையோ பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூசுகிற தண்ணீர்ச் சாயம், யாரோ பிற்பாடு தீட்டியது. உருட்டிய பஞ்சோடு வந்துவிட்டது.

அடியில் இருந்தது உதடு. மேலுதடு நடுவில் பிளந்து, மூக்குவரை ஒரு கோடு. பிறவியிலேயே பிளந்த உதடு. வரைந்தவன் அதை ஒளிக்காமல் அக்கறையாக வரைந்திருந்தான். பின்னால் வந்த யாருக்கோதான் அது பிடிக்கவில்லை.

அருங்காட்சியக மேலாளருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பயிற்சி முடிகிற நாளன்று முதலாளி வருவார், பயிற்சியாளர்களின் குடும்பங்களும் வரும். "அவர் வர்றதுக்குள்ள மீசையைத் திரும்ப வரைஞ்சிடு. யாருக்கும் தெரிய வேணாம். வரைஞ்சா உனக்கு வேலை உறுதி. இல்லன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து என் அறைக்குள் உட்கார்ந்து அழுதாள்.

"வரைஞ்சிட்டுப் போடி" என்றேன். "நான் தினமும் இல்லாத புருவத்தையெல்லாம் வரையறேன். யாராவது செத்தாங்களா?"

"உன்கிட்ட அவங்க கேட்டு வரைஞ்சுக்கறாங்க. இவரு கேக்கலையே, அக்கா."

எனக்கு எரிச்சலாக வந்தது. செத்தவருக்காக யாராவது ஜன்னலில்லாத ஆபீஸுக்குப் போவார்களா? ஆனால் அவள் போகமாட்டாள் என்றுதான் நினைத்தேன். லாரி ஆபீஸ் பயம் பெரிது. வரையத்தான் ஒப்புக்கொண்டாள்.

அந்த நாள் வந்தது. அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு காலையிலேயே கிளம்பினார். மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று பாப்பா படத்தின் முன் தண்ணீர்ச் சாயமும் தூரிகையுமாக உட்கார்ந்தாள். மீசையின் வலது பாதி வந்துவிட்டது. கை என்னவோ அழகாகத்தான் வரைந்தது. இடது பாதிக்கு வரும்போது வாசலில் கார் நின்றது. மதியம் வர வேண்டிய முதலாளி காலையிலேயே வந்துவிட்டார்.

நேரே கூடத்துக்கு நடந்தார். பெரிய உடம்பு, பெரிய மீசை. கொள்ளுத் தாத்தாவைப் பார்த்தார். பாதி மீசை, பாதி பிளந்த உதடு.

"இது என்ன?"

"கொஞ்சம் சாயம் உதிர்ந்திருக்கு ஐயா, சரிபண்ணிக்கிட்டிருக்கோம்" என்றார் மேலாளர், வாயெல்லாம் பல்லாக.

முதலாளி பாப்பாவைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

மேலாளர் சொன்னதற்குத் தலையாட்டினால் போதும்.

"உதிரல ஐயா. மீசை யாரோ பின்னாடி வரைஞ்சது, நான்தான் தெரியாம அழிச்சிட்டேன். இந்தப் பக்கம் இருக்கறதுதான் அவரோட வாய். அந்தப் பக்கம் இருக்கறது இன்னைக்கு நான் வரைஞ்சது."

லாரி ஆபீஸின் மேஜை என் கண் முன்னால் வந்து நின்றது.

"எதால அழிச்ச?"

"எச்சில்ல, ஐயா."

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா கூரையைப் பார்த்தார்.

முதலாளி படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மேஜைமேல் கிடந்த பஞ்சுக் குச்சியைக் காட்டிக் கையை நீட்டினார். "அந்தப் பஞ்சைக் குடு. மிச்சத்தை நான் துடைக்கறேன்."

வேறு யாராக இருந்தாலும் கொடுத்திருப்பார்கள். என் தங்கை கொடுக்கவில்லை. "முதல்ல வாயைக் கொப்பளிக்கணும் ஐயா. இனிப்பு, காப்பி எதுவும் வாயில இருக்கக் கூடாது."

அருங்காட்சியகத்துக்கே கூரை போடுகிற மனிதர் வாய் கொப்பளிக்கப் போனார். அந்த இடைவெளியில் மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உன் கதை முடிஞ்சுது" என்றார். பாப்பா பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தாள்.

முதலாளி திரும்பி வந்தார். நனைந்த மீசை இரண்டாகப் பிரிந்து தொங்கியது. உதட்டைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு, தப்புமா? நடுவில் தையல் போட்ட தழும்பு, மூக்குவரை. படத்தில் இருந்த அதே கோடு, அதே இடம்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பஞ்சை வாயில் நனைத்துப் படத்தின் மேல் வைத்தார்.

"தேய்க்காதீங்க, உருட்டுங்க" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள் பாப்பா.

உருட்டினார். அரை மீசை கறுப்புத் தண்ணீராகப் பஞ்சில் ஏறியது.

"நீ இங்க எத்தனை நாளா இருக்க?"

"இன்னைக்கோட முடியுது ஐயா."

"முடியுதா?" என்று அவர் திரும்பினார்.

"பயிற்சிதான் ஐயா முடியுது!" மேலாளர் ஓடி வந்து நடுவில் நின்றார். "நாளையிலேருந்து நிரந்தரம்!"

இப்படித்தான் என் தங்கைக்கு வேலை கிடைத்தது. சிரிப்பை அடக்க நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக் கசக்கிவிட்டேன். அவர் கவனிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாப்பாவின் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. அடுத்த பஞ்சை நீட்டினாள்.

முதலாளி அதை வாங்கவில்லை. முழு உதடும் தெரிந்துவிட்டது. அவர் இரண்டு விரலால் தன் மீசையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"எங்க பரம்பரையிலேயே எனக்கு மட்டும்தான்னு சொல்லியே வளத்தாங்கம்மா" என்றார்.