ஆள் சேர்ந்தால்தான் சீட்டு

எடைத்தட்டையும் பிரிண்டரையும் பேசவைக்க நிரல் எழுதும் தோழர்களே, நம் தொழிலில் எது தாமதமானாலும் திட்டு மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். சென்னை வேலையை உதறிவிட்டுக் கள்ளக்குறிச்சியில் கடை போட்ட நான், பாலை எடைபோட்டு ஊற்றியவருக்குச் சீட்டு அடித்துத் தரச் செய்த முதல் இயந்திரம், மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு பால் சென்டருக்குப் போனது. ஒரு வாரத்தில் ஒழுங்காக ஓடாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார் சென்டரை நடத்தும் செல்வி. திரும்பி வந்தால் என் கடைக்குப் பூட்டுதான்.

எழுத்துக் கூட்டி

முதலில் ஒவ்வொரு பைட்டாக அனுப்பினேன். ஒரு எழுத்தைக் கொடுப்பது, பிரிண்டர் வாங்கிக்கொண்டதா என்று பார்ப்பது, பிறகு அடுத்த எழுத்து. எதுவும் தொலையாது. ஆனால் சீட்டு முடியும்வரை நிரல் எடைத்தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வரிசை தெருமுனையைத் தாண்டியது. கேனோடு நின்ற முனியம்மா சொன்னார்: "எம் பேர எழுத்துக் கூட்டிக்கினு இருக்குது. ஒண்ணாப்பு படிக்கிற எம் பொண்ணே தேவல!"

ஷேர் ஆட்டோ

ரோஷம் வந்து பெரிய பஃபர் வைத்தேன். எழுத்துகளையெல்லாம் நினைவகத்தில் சேர்த்து, நிறைந்ததும் மொத்தமாகத் தள்ளும். அதற்குள் எடைத்தட்டு அடுத்த ஆளைப் பார்த்துவிடும். வேகம் பிரமாதம், சீட்டுதான் வரவில்லை! நாலைந்து பேர் ஊற்றியபிறகு எல்லார் சீட்டும் சரசரவென்று வந்தது. கடைசியாக வந்த ஏழுமலைக்குப் பின்னால் ஆளில்லை, அதனால் பஃபர் நிறையவில்லை. சீட்டு வாங்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் வீடு திரும்பமாட்டார்கள்; செல்வி கையால் எழுதிக் கொடுத்துத்தான் அவரை அனுப்பினார்.

மறுநாள் மனிதர் தன் பாலைச் சொம்பு சொம்பாகத் தனித்தனியே எடைபோட்டு, பஃபரை நிரப்பி, சீட்டுகளை வெளியே தள்ளினார். கடைசிச் சொம்பின் சீட்டு மட்டும் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. அவர் கேட்டதற்குச் சிரித்துவிட்டேன்: "இன்னாம்மா, ஆள் சேந்தாதான் கெளம்புமா? இது இன்னா ஷேர் ஆட்டோவா?"

கரண்ட் போனபோது

அப்புறம்தான் புத்தி வந்தது. ஒரு சீட்டு கொள்ளும் அளவுக்குச் சின்ன பஃபர். நிறைந்தாலும் நிறையாவிட்டாலும், சீட்டு முடிந்தால் உடனே அனுப்பிவிடும். கரண்ட் போனால் பஃபரில் இருப்பதும் போய்விடுமே என்று கூடவே ஒரு பேட்டரி. கெடு முடிகிற அன்று காலையில் நல்ல மழை. முனியம்மாவின் சீட்டு பாதி வந்திருக்கும்போது கரண்ட் போயே போய்விட்டது. ஆனாலும் இயந்திரம் மிச்சச் சீட்டையும் அடித்து முடித்து, பிறகு அணைந்தது. கத்தவேண்டும் போல அத்தனை சந்தோஷம் எனக்கு. செல்வி சீட்டைத் தூக்கிப் பார்த்தார்: "சொல்ல வந்தத முழுசா சொல்லிட்டுதான் அணையுது. எங்க வூட்டுக்காரரு பாதியிலயே தூங்கிடுவாரு. இது இங்கியே இருக்கட்டும். கரியாலூர் மலைல சாமை எடைபோட்டு வாங்குற எங்க அண்ணிக்கும் ஒண்ணு செஞ்சிக் குடும்மா, அங்க கரண்ட் ஜாஸ்தி போவும்!"

பஃபர் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று இப்போது யாராவது கேட்டால், காத்திருப்பவரின் பொறுமையைவிட ஒரு விரற்கடை சின்னதாக என்று சொல்லிவிடுகிறேன்.