ஏழாம் நம்பர் சண்முகசுந்தரம்

அகிலா பெங்களூரில் என்ன வேலை பார்க்கிறாள் என்று சொந்த ஊரான நெய்வேலியில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. பார்க்கின்சன் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து, அவற்றை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து மூளை செல்களை வளர்த்து, அவை ஏன் சாகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. முனைவர் பட்டம் வாங்கி ஆறு வருடமாகிறது. முப்பத்து நாலு வயதிலும் வருடா வருடம் காண்ட்ராக்ட்டைப் புதுப்பித்தால்தான் சம்பளம். தீபாவளியன்றுகூட செல்களுக்கு யாராவது சாப்பாடு மாற்ற வேண்டும். அந்த யாராவது எப்போதும் காண்ட்ராக்ட் ஆளாகத்தான் இருப்பார்.

அவள் இந்த நோயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே அது அப்பாவையும் பிடித்துக்கொண்டது. சண்முகசுந்தரம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். முதலில் வலது கை நடுங்கியது, பிறகு நடை சுருங்கியது. மூன்று வருடங்களுக்கு முன் தானாகவே பெங்களூருக்கு வந்து, "என் ரத்தத்தையும் எடுத்துக்கம்மா" என்று கையை நீட்டினார். சம்மதப் படிவம் நாலு பக்கம், நல்ல தமிழில் இருந்தது. இதனால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் கிடைக்காது என்று இரண்டாம் பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள். கம்பெனியில் முப்பது வருடமாக எந்த ஃபார்மையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவரில்லை அவர். எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டுப் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

டவுன்ஷிப்பில் எதுவுமே சீனியாரிட்டி லிஸ்ட்டில்தான் வரும். குவார்ட்டர்ஸுக்குப் பேர் கொடுத்துவிட்டு அவர் பதினோரு வருடம் காத்திருந்தார். நோட்டீஸ் போர்டில் தன் பேர் மெல்ல மெல்ல மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒருநாள் சாவி வாங்கினார். பர்மனெண்ட் ஆனதும் அப்படித்தான். பேரைப் பதிந்துவிட்டுப் பொறுமையாக இருந்தால் வர வேண்டியது வந்தே தீரும் என்பது அவர் கண்ணால் கண்ட உண்மை. பாவம், வாழ்க்கை அவரிடம் அதுவரை நாணயமாகவே நடந்துகொண்டிருந்தது.

ஊருக்குப் போன வாரமே போன் செய்தார்.

"என் நம்பர் என்னம்மா?"

"ஏழுப்பா."

அது டியூபில் ஒட்டிய நம்பர். அதைக்கூட அவள் சொல்லியிருக்கக் கூடாது. வேலை அவசரத்தில் சொல்லிவிட்டாள். அதன் பிறகு மாதம் ஒருமுறை, "இப்ப எத்தனாவது நம்பர் ஓடுது?" என்று கேட்பார். லேபில் அப்போது வளர்த்துக்கொண்டிருக்கும் டியூபின் நம்பரை நினைத்து "மூணுப்பா" என்பாள், பிறகு ஒருநாள் "நாலுப்பா" என்றாள். எதற்காகக் கேட்கிறார் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்தது. ஆனால் நாலு என்றதும் அந்தக் குரலில் பொங்கிய சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தன் கோழைத்தனத்துக்குப் பாசம் என்று பேர் வைத்துக்கொண்டாள்.

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, அப்பா சமையலறை வாசலில் நின்று, இல்லாத ஷிப்ட் இன்சார்ஜோடு பெல்ட் அறுந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மறுவாரமே சென்னைக்கு அழைத்துப் போனாள். அங்கே அப்பாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு வருஷம் முந்தியே ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்தேனே. மூளையில மெல்லிசா கம்பி வெச்சிருந்தா நடுக்கம் நல்லாக் குறைஞ்சிருக்கும். இப்ப மறதி வந்துடுச்சு, இல்லாத ஆளெல்லாம் தெரியுது. இனிமே செய்ய முடியாதும்மா."

அகிலாவுக்கு ஆபரேஷன் என்ற பேச்சே புதிது. வீட்டுக்கு வந்ததும் அம்மா சந்திரகலாவிடம் பாய்ந்தாள்.

"ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீதானடி ஏழாவது நம்பர்னு சொன்ன? நாலு வரைக்கும் வந்துடுச்சு, பொண்ணு கையாலயே மருந்து வரப்போகுது, மண்டைய எதுக்கு ஓட்ட போடணும்னாரு. உன்கிட்ட சொன்னா நீ பயப்படுவேன்னாரு. நானும் நம்பிட்டேன்."

அகிலாவுக்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. செல்கள் சாவதைப் பற்றி நாலு நாடுகளில் போய்ப் பேசியவள் அவள். அப்பாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் மூன்று வருடத்தைக் கழித்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவர் தெளிவாக இருந்த நேரம் பார்த்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அது மருந்துக்கான லிஸ்ட் இல்லப்பா. டியூப்ல ஒட்டின நம்பர். உங்க செல்ல வளர்த்து, அது எப்படிச் சாகுதுன்னு பாக்குறோம். அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் திருப்பித் தர மாட்டோம். அங்க லிஸ்ட்டுன்னே ஒண்ணு கிடையாது."

சண்முகசுந்தரத்துக்குக் கோபமே இல்லை. மகள்மீது இரக்கப்பட்டவர் மாதிரி, நடுங்கும் கையை அவள் கைமேல் வைத்தார்.

"நீ காண்ட்ராக்ட்தானம்மா. உன்கிட்ட லிஸ்ட்டக் காட்ட மாட்டாங்க. அங்க பர்மனெண்ட் ஆளு யாரையாவது விசாரி." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு முன்னாடி ஆறு பேரு இருக்காங்கல்ல. அதுல யாராச்சும் போய்ச் சேர்ந்திருந்தா நம்ம நம்பர் மேல ஏறியிருக்கும். அதையும் கேட்டுக்க."

"கேக்குறேம்பா" என்றாள் அகிலா.