ரேடியோ அக்காவின் ஒட்டு வரி

எங்கள் படைப்பிரிவுக் குடியிருப்பில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ அக்கா என்றால்தான் தெரியும். ஆண்கள் எல்லைக்கு அப்பால் பணிக்குப் போய்விட்டால், அலுவலகத்திலிருந்து வரும் செய்தியை வீட்டுக்கு வீடு போன் போட்டுச் சொல்வது மனைவிகளில் முன்வந்த சிலரின் வேலை. சம்பளம் கிடையாது; நன்றி எப்போதாவது கிடைக்கும். அக்காவின் பட்டியலில் இருபத்திரண்டு வீடுகள். அதில் ஒன்று அவருடையது. இன்னொன்று, ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட என்னுடையது.

விதி ஒன்றுதான். தாளில் இருப்பதை அப்படியே படிக்க வேண்டும், ஒரு சொல் கூட்டக் கூடாது. அக்காவால் முடிகிற காரியமா அது? "புறப்பாடு தாமதமாகும்" என்று படித்துவிட்டு, "அழாத, முதல்ல வாயில ஏதாவது போட்டுக்க, சாயங்காலம் வரேன்" என்று ஒட்டுப் போடுவார். சொன்னபடி வரவும் வருவார். குழாய் ஒழுகினால், படைப்பிரிவின் வண்டி மெக்கானிக்கான தன் கணவரின் ஸ்பேனரோடு வருவார். நாங்கள் போனை எடுத்ததே அந்த ஒட்டு வரிக்காகத்தான்.

ஆண்கள் போன எட்டாம் மாதம், படை திரும்புகிறது என்று தாள் வந்தது. கூடவே, பதினான்கு பேர் மட்டும் பணித் தேவை காரணமாக இன்னும் நான்கு மாதம் தங்குவார்கள் என்றும் இருந்தது. பதினான்கு வீடும் அக்காவின் பட்டியலில்தான்; மெக்கானிக்கின் பெயர்தான் முதலில். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதிப் பதிமூன்று வீட்டுக்கும் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். எல்லோருக்கும் ஒரே ஒட்டு வரி.

"யாரும் ஆசைப்பட்டுத் தங்கலம்மா. உத்தரவு. உத்தரவுன்னு வந்துட்டா அவங்க என்ன பண்ணுவாங்க?"

அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் பதிமூன்று பெண்களும் அந்த வாரத்தை ஓட்டினார்கள்.

என் கணவர் வந்து சேர்ந்தார். சாப்பிடும்போது, பக்கத்து வீட்டு அண்ணனை இப்படி நிறுத்திவிட்டார்களே, பாவம் என்றேன். அவர் சிரித்தார்.

"உத்தரவா? வண்டிங்கள ஒப்படைக்க ஆள் வேணும், இஷ்டம் உள்ளவங்க பேர் குடுங்கன்னாங்க. முதல்ல கை தூக்கினதே அவருதான். நமக்கெதுக்கு, நீ வாயத் திறக்காத."

திறக்கவில்லை. ஊர் வம்பையெல்லாம் வாரிக்கொண்டு வருகிற என் வாய், ஒன்பது நாள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. புதிதாகத் தைத்த திரைச்சீலையை தன் கணவர் வந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று அக்கா மடித்து வைத்தபோது, நானும் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் காலை நான் வழக்கம்போல் அக்கா வீட்டு நாற்காலியில் இருந்தபோது, அந்தப் பதிமூன்று பேரில் ஒருத்தியான டிரைவரின் மனைவி நிறைமாத வயிற்றோடு மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். அவள் கணவன் போனில் உளறிவிட்டிருந்தான்.

"உத்தரவுன்னு சொன்னீங்களேக்கா! பிரசவத்துக்கு இருக்க முடியாதுன்னு தெரிஞ்சே பேர் குடுத்திருக்காரு. உங்க வீட்டுக்காரரப் பார்த்துத்தான் நானும் கை தூக்கினேங்கிறாரு. எல்லாம் தெரிஞ்சுதானே எங்கிட்ட பொய் சொன்னீங்க?"

அக்கா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு எங்கள் குழுவின் தலைவியான கமாண்டர் மனைவிக்கு, நாங்கள் மூவரும் கேட்கும்படி, போன் போட்டார்.

"தெரியுமே" என்றார் அந்த அம்மாள். "தாள்ல அத எழுத வேணாம்னு நாங்கதான் முடிவு பண்ணோம். நீங்க உத்தரவுன்னு சொன்னது நல்லதாப் போச்சு. உங்க வாயால சொன்னா எல்லாரும் நம்பிடறாங்க பாருங்க."

இனிக்க இனிக்கத்தான் சொன்னார். எனக்கு அந்த போனையே பிடுங்கி எறியலாம் போல இருந்தது. ஆனால் அதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

மதியம் மெக்கானிக் பேசும் நேரம். போன் திரையில் அவர் முகம் பளபளவென்று தேறியிருந்தது.

"நீங்களாவா கை தூக்கினீங்க?"

அவர் பிடரியைச் சொறிந்தார். "இங்க வேலைய முடிச்சுட்டா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அங்க வந்தா இருபத்திரண்டு வீட்டுக் கதையும் என் தலையில கொட்டுவ. கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கலாம்னு பார்த்தேன். மத்த பொம்பளைங்ககிட்ட சொல்லிடாத, என்ன?"

"உங்களப் பத்தி ஒரு சேதி வந்தா எனக்குத்தான் முதல்ல தெரியணும்னு இந்த வேலைக்கே வந்தேன்" என்றார் அக்கா. அழைப்பைத் துண்டித்தார்.

பிறகு பட்டியலை எடுத்து, மீதிப் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் பேசினார். "உத்தரவுன்னது தாள்ல இல்லம்மா, நானாச் சேர்த்தது. அவங்களாத்தான் பேர் குடுத்திருக்காங்க. எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்." ஒருத்தி அழுதாள். ஒருத்தி அக்காவை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

கடைசி அழைப்பும் முடிந்தபின் என் பக்கம் திரும்பினார்.

"உன் வீட்டுக்காரர் வந்து பத்து நாளாச்சு. உனக்கு எப்பத் தெரியும்?"

"வந்த அன்னைக்கே. சொல்லாதன்னாருக்கா. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்…"

"என் வீட்டுக்காரரு கண்காணாத தூரத்துல இருந்து மறைச்சாரு" என்றார் அக்கா. "நீ தினமும் இதே நாற்காலியிலதானே உட்கார்ந்திருந்த?"