சோதனைத் துணிக்கு வந்த வாழ்வு

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் மாதிரிச் சட்டை வெட்டித் தரும் சாம்பிள் மாஸ்டர் நான். வெளிநாட்டு பிராண்ட் ஒன்று எங்களிடம் சட்டை தைத்து வாங்குகிறது. பெரிய இடம். அவர்கள் சட்டையைப் போட்டால் ஆளே ஒரு முழம் உயர்ந்துவிட்டதாக நினைப்பு. முன்பெல்லாம் அவர்கள் அனுப்பும் டிசைன் படம் லேசில் பிடிபடாது. எங்கே வெட்டுவது, எங்கே மூட்டுவது என்று பேப்பரைக் கிழித்துக் கிழித்துப் பார்ப்பேன். திட்டிக்கொண்டே செய்தாலும் உள்ளுக்குள் மரியாதை இருந்தது.

இப்போது வருவது வட்டக் கழுத்து டி-ஷர்ட். நெஞ்சு நிறைய பிராண்டின் பெயர், தொலைந்துபோனால் யாரிடம் ஒப்படைப்பது என்று எழுதி வைத்தது போல. ஊருக்கெல்லாம் விற்க வேண்டுமாம். அதற்காக மூளையைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

போன சீசனில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், இதுக்கெல்லாம் சாம்பிள் செக்‌ஷன் எதுக்குங்க? நீங்களே ஒரு டிசைன் போடுங்க. அவங்க எடுத்துக்கிட்டா செக்‌ஷன் இருக்கட்டும். இல்லீன்னா மூடீறலாமுங்க."

காலரும் உடம்பும் ஒரே துண்டில், தோளில் தையலே இல்லாமல் ஒரு சட்டை வெட்டினேன். கையில் இருந்த வித்தையை எல்லாம் அதில் இறக்கினேன்.

பிராண்டின் டிசைனர் அம்மா நேரில் வந்தார். என் சட்டையை இரண்டு விரலால் தூக்கி "நைஸ்" என்று சொல்லி வைத்துவிட்டார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! அடுத்து பிரிண்டிங் மேஜைக்குப் போனார். நல்ல துணியில் அச்சடிக்கும் முன் ஒரு வேஸ்ட் துணியில் அடித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். மை சரியாக விழும்வரை அதே துணியில்தான் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். பெயர்மேல் பெயர் ஏறி, ஓரத்தில் யாரோ கை துடைத்த கறையோடு அது கிடந்தது. அந்த அம்மா அதை எடுத்து விரித்துப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். இதுதான் இந்த சீசன் என்றார்.

பிரிண்டிங் மாஸ்டர் பதறிப்போனார். "அது வேஸ்ட்டுங்க மேடம், கை தொடைச்சதுங்க." முதலாளி அவரை ஒரு பார்வை பார்த்தார். அதை யாரும் அந்த அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

வாங்குபவர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்த சாம்பிளிலிருந்து இம்மி பிசகக் கூடாது. ஆகவே கறையும் அதே இடத்தில், அதே அளவில் விழுந்தாக வேண்டும். சுத்தமாக அச்சான சட்டைகளை எல்லாம் ரிஜெக்ட் மூட்டையில் கட்டினோம். வெளிநாட்டுக் கடைகளில் அந்தக் கறைச் சட்டைக்கு அடிதடியாம்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "செக்‌ஷன மூடலீங்க மாஸ்டர். அடுத்த சீசனுக்கு வேஸ்ட் ரூம்ல நல்லதாப் பாத்து எடுத்து வைங்க."

வேலை தப்பியது. போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு குப்பையைக் கிளறினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு துணியைத் தனியாக எடுத்து வைத்தேன், இன்னொன்றை இது மட்டமான கறை என்று தள்ளினேன். தள்ளிய பிறகுதான் உறைத்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.